வழிக்கு நிழல்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையை எழுதுவோமா, ஆசிரியப் பெருந்தகைகளின் அருங்குணங்களை எழுதுவோமா என்று சிறிது மயங்கினோம். அவற்றை எம்மினும் சிறப்பாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின் யாம் ஒரு வீதியைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவ்வீதியிலே துவிச்சக்கர வண்டியில் தனியே சென்ற ஒரு பகலும், அப்பகல் எமக்குப் புகட்டிய பாடமும், அதன் பயனாகச் சங்கத்தார்முன் யாம் வைக்கும் விண்ணப்பமொன்றுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

தொழில் நிமித்தம் யாம் அட்டாளைச்சேனையிலே ஆண்டுகள் பலவாக வாழ்ந்து வருகின்றோம். கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். மேடு என்று சொல்லத்தக்கது கடற்கரை மணற்றிட்டு ஒன்றே. இவ்வூரின் நடுவே செல்லும் பெருந்தெரு வடக்கே கல்முனையைக் கடந்து மட்டக்களப்பிலே முடிகின்றது. தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எனக் கடலோரமாகச் சென்று, பின்னர் மேற்கே திரும்பிச் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய ஆகிய ஊர்களினூடாக மலைமீதேறி, இரத்தினபுரி வழியாகக் கொழும்பை அடைகின்றது. ஏ 4 என்பது அதன் அரசாங்கப் பெயர். எமது வாயிலிலே மீன் வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் செல்லும் அதே தெருவே தேயிலை மலையிலும் ஏறுகின்றது என்பதை நினைக்குந்தோறும், அவ்வேற்றத்தை எமது கால்களாலேயே அறியவேண்டும் என்னும் ஆசை எம்மை விடவில்லை.

மற்றுமொரு காரணமும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களிலே கீழ்க்கரையை வாட்டும் கச்சான் காற்றை அறியாதார் இங்கில்லை. நிலக்கடலைக்கும் நம்மவர் கச்சான் என்றே பெயரிட்டுள்ளனர். காற்றும் நம்மைக் கடலையாகவே வறுத்தெடுக்கின்றது! இக்காற்றின் இயல்பை எமக்குப் புவியியல் கற்பித்த ஆசிரியர் கரும்பலகையிலே மலையொன்றை வரைந்து விளக்கினார். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலே ஏறுங்கால் குளிர்ந்து மழையைப் பொழிகின்றது. நீராவி நீராகும்போது வெப்பத்தை வெளிவிடுதலால், ஏறும் காற்று மெல்லவே குளிர்கின்றது. ஈரத்தை இழந்து மறுபுறம் இறங்கும் காற்றோ, ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை வீதம் விரைந்து சூடேறுகின்றது. ஆதலின் ஏறத் தொடங்கியபோது இருந்ததினும் கூடிய வெப்பத்துடன் அது கீழ்த்திசைச் சமவெளியை அடைகின்றது. இதனைப் பரீட்சையிலே எழுதிப் புள்ளியும் பெற்றோம். ஆயினும் மெய்யாக அறிந்தோமல்லோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், அரிசி ஏற்றிச் சென்ற லொறியொன்றிலே எமது வண்டியையும் ஏற்றிக்கொண்டு வெல்லவாயவுக்குப் புறப்பட்டோம். கியர் இல்லாத பழைய ரலி வண்டி அது. வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹப்புத்தளையோ 1,400 மீற்றருக்கு மேல். இடைத்தூரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறத் தொடங்கி, வெயில் முற்றுமுன் கொஸ்லாந்தையை அடைவதே திட்டம். ஆனால் லொறி வழியிலே சுணங்கியது. விடிந்தபின்னரே வெல்லவாயவில் இறங்கினோம். இறக்கிய வண்டியின் பின்சில்லிலே காற்றில்லை. ஒட்டுப்போட்டுப் புறப்பட்டபோது ஒன்பது மணி கடந்துவிட்டது. அறிவுடையோர் அன்று மாலைவரை பொறுத்திருப்பர். யாம் பொறுத்தோமல்லோம்.

தியலும நீர்வீழ்ச்சி வரையும் பெருந்துன்பம் இல்லை. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அது இலங்கையின் உயர்ந்த நீர்வீழ்ச்சிகளுள் இரண்டாவதாகும். கோடையாதலின் கரும்பாறைமேல் வெண்ணூல் தொங்குவதுபோல் நீர் மெலிந்து வழிந்தது. வீதியோரத்திலே தேநீர்க்கடையும் நிழலும் இருந்தன. ஆயினும் ஒரு மணிக்குள் கொஸ்லாந்தை என்று முதல்நாளே நாட்குறிப்பில் எழுதிவிட்டோம் அல்லவா? போத்தலிலே பாதி நீர் இருக்கின்றது என்ற துணிவில் நில்லாது சென்றோம்.

அதன்பின் வளைவுக்குமேல் வளைவாக வீதி ஏறிற்று. மிதிக்க இயலாத இடங்களில் வண்டியை உருட்டிச் சென்றோம். மேலிருந்து இறங்கிய காற்று முகத்திலே அடித்தது. எமது ஊரிலே எம்மை வாட்டும் அதே காற்று! வியர்வை வழியவில்லை, ஆதலின் உடல் நீரை இழக்கவில்லை என்று எண்ணினோம். அது பெரும் பிழை. வறண்ட காற்றிலே வியர்வை துளிக்குமுன்னரே ஆவியாகிவிடும். கடும் வெயிலில் உழைப்பவனின் உடல் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்கு மேலும் நீரை இழத்தல் கூடும். அதனுடன் உப்பும் கழியும். போத்தல் வற்றியது. சிறிது நேரத்திலே தலை இடித்தது. உச்சி வெயிலிலே மேனி சிலிர்த்தது. கிலோமீற்றர்க் கல்லிலே எழுதியிருந்த எண்ணைப் பன்முறை நோக்கியும் அஃது என்னவென்று எமக்கு விளங்கவில்லை. அப்பொழுதுதான் அச்சம் பிறந்தது. கல்லருகே வண்டியைச் சாய்த்துவிட்டு வெறுந்தரையில் அமர்ந்தோம்.

விறகுக் கட்டுடன் வந்த முதிய அம்மையார் ஒருவர் எம்மைக் கண்டு நின்றார்.

"என்ன தம்பி, இந்த வெயில்ல தனியா வந்திருக்கீங்க? மொதல்ல எந்திரிச்சு நெழலுக்கு வாங்க."

"ஒன்றுமில்லை அம்மா, சிறிது களைப்பு."

"ஒண்ணுமில்லாதவுக மூஞ்சியா இது?"

விறகை இறக்கிவைத்து, எமது கையைப் பற்றி அழைத்துச் சென்று, தமது லயத்தின் முன்னின்ற மரநிழலிலே இருத்தினார். பீலித் தண்ணீரை எமது தலையிலும் கழுத்திலும் ஊற்றினார். உப்பும் சீனியும் கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தார். மருத்துவமனையிலே ஜீவனி என்று தரும் மருந்தின் தத்துவமும் இதுவே. ஒரு மணித்தியாலத்தின்பின் பிளேன்ரீயும் தந்தார். வெயில் தணிந்தபின் விடைபெற்று, பணம் நீட்டினோம். "தண்ணிக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?" என்றார். யாம் நாணினோம்.

அவர் காட்டிய திசையிலே மீரியபெத்தை மலை தெரிந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை, மண் சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன்களைப் புதைத்த இடம் அது. தம்மைக் காக்கவேண்டியோர் காவாதுவிட்ட மக்கள், தாம் அறியாத வழிப்போக்கனைக் காத்தனர். நாள்தோறும் அவர்களது தேயிலையைப் பருகியும் அவர்களது வாயிலை மிதியாத நாம், இதனை நினைத்தல் தகும்.

மாலையிலே வண்டியை உருட்டியவாறே பெரகலவை அடைந்தோம். அங்கே காற்று குளிர்ந்து வீசிற்று. மலைமுகட்டில் முகில் ஊர்ந்தது. இருள் சூழ்ந்தபின் ஹப்புத்தளையை அடைந்தோம். ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் வெம்மை. இரண்டும் ஒரே காற்று. ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த மலையின் உச்சியிலே யாம் நின்றோம். அவரது பாடம் அன்றே எமக்கு முடிந்தது.

நிற்க. இக்கதையை எமது வீரங் கூறுதற்பொருட்டு எழுதினோமல்லோம். வீரம் எதுவும் அதில் இல்லை. தனிவழி செல்வோன் தன்னையே நம்பிச் செல்கின்றான் என்பர். அன்று யாம் கண்டது அதற்கு மாறானது. மோட்டார் வண்டியிலே செல்வோன் கண்ணாடியை மூடிக்கொண்டு வீதியை மறக்கலாம். சைக்கிளிலே செல்வோன் யாரோ நட்ட மரத்தையும், யாரோ வைத்த நீரையும் நம்பியே செல்கின்றான்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அசோக மன்னன் வழியோரங்களில் நிழல்மரம் நட்டதையும் கிணறு அகழ்ந்ததையும் தன் சாசனங்களிலே பொறித்துள்ளான். யாழ்ப்பாணத்து வீதிகளிலே சுமைதாங்கியும், மடமும், கேணியும், மாடு உடல் உரோஞ்ச ஆவுரோஞ்சிக் கல்லும் அமைத்தோர் சாதாரண குடிமக்களே. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தல் நம்மவர்க்கு அறம். தாகித்தவனுக்கு நீர் கொடுத்தல் எமது முஸ்லிம் அயலவர்க்கும் பெருந்தருமம். அட்டாளைச்சேனைப் பள்ளிவாசலின் நீரை யாமும் பலமுறை பருகியுள்ளோம்.

இன்றோ வீதிகள் அகன்றன, நிழல் குறுகிற்று. அகலிப்புக்காக வீழ்ந்த மரங்களுக்கு ஈடாக நட்டவை மிகச் சில. யாருக்கு இதனாற் கேடு? பெட்டியைப் பின்னே கட்டி, காலை முதல் உச்சிவரை உட்கிராமங்களுக்கு மீன்கொண்டு செல்லும் சைக்கிள் வியாபாரிக்கு. வயலிலிருந்து மீளும் கூலியாளனுக்கு. பள்ளிவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் பிள்ளைக்கு. விரும்பி ஒருநாள் வெயிலில் சென்ற யாமே வீழ்ந்தோம். வேறு வழியின்றி நாள்தோறும் செல்வோரின் நிலை என்ன? 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் கிடையாதபோது உத்தியோகத்தரும் ஆசிரியரும் சைக்கிளில் ஏறினர். வெயிலின் கொடுமையைப் பேசினர். எரிபொருள் வந்தது, பேச்சும் மறைந்தது.

ஆதலின் சங்கத்தாருக்கு எமது விண்ணப்பம் இதுவே. விழா நினைவாக வளைவும் சிலையும் எழுப்புதல் வழக்கம். அவற்றை வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. ஆயினும் இம்முறை விழா நிதியில் ஒரு பங்கை வழிக்கு நிழலாக்குவோம். கல்லூரிக்குச் செல்லும் வீதியிலும், பழைய மாணவர் வாழும் ஊர்களின் வீதிகளிலும் வேம்பும் மருதும் இலுப்பையும் நடுவோம். பஸ் தரிப்பிடந்தோறும் மூடியும் குழாயும் உள்ள நீர்த்தாழி வைப்போம்.

மரம் வளர நாட்செல்லும், மாடு கடிக்கும், மின்கம்பிக்கென்று வெட்டுவர் என்று சிலர் மறுப்பர். உண்மையே. நட்டுப் படம் பிடித்துக்கொள்ளும் விழாவால் பயனில்லை. வேலியும், மூன்றாண்டு நீர்வார்ப்பும், பொறுப்பாளர் ஒருவரும் இல்லாத கன்றை நடவே வேண்டா. வீதி அதிகாரிகளிடமும் பிரதேச சபையிடமும் முன்னரே இசைவு பெற்று, கம்பிக்கும் எதிர்கால அகலிப்புக்கும் அப்பால் நடுதல் வேண்டும்.

மாணாக்கருக்கும் ஒரு சொல். ஒருநாளேனும் உங்கள் ஊர் வீதியை அது செல்லும் மட்டும் சைக்கிளிலே தொடர்ந்து செல்லுங்கள். விடியுமுன் புறப்படுங்கள், முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நிழலில் தங்குங்கள், தாகிக்குமுன் பருகுங்கள், செல்லும் வழியை வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். திட்டத்தைக் காக்கும்பொருட்டு உயிரைப் பணயம் வையாதீர்கள்.

அந்த அம்மையாருக்கு யாம் பட்ட கடனை அவருக்கே திருப்பித் தருதல் இயலாது. அவர் பணத்தைத் தொடவில்லை. அடுத்து வரும் வழிப்போக்கனுக்கே அதனைச் செலுத்தல் கூடும். நம் கல்லூரியின் அடுத்த விழாவுக்கு வருவோர், இன்று நாம் நடும் மரத்தின் நிழலிலே சிறிது நின்று செல்வாராக.