எண்ணாயிரத்தில் நெல் விளைவித்தது யார்?

எண்ணாயிரம் பற்றி யார் எழுதினாலும் ஒரே பாட்டுதான்: ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் விழுப்புரம் மாவட்டத்தில் பல்கலைக்கழகம் இருந்ததாம்! விக்கிரவாண்டிப் பக்கத்துச் சின்ன கிராமம் அது. பெருமைப்பட நானும் தயார்தான். ஆனால் கல்வெட்டை முழுசாகப் படியுங்கள் ஐயா.

அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் இருப்பது முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. மாணவர்கள் 340 பேர். இளையவர் 270 பேரில் ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75. மூத்தவர் 70 பேரில் வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. ஒவ்வொருவருக்கும் தினப்படி நெல் அளவு வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்று வேதம் ஓத யாருக்கு உரிமை இருந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? அந்த நெல்லை விளைவித்தவன் பிள்ளைக்கு அந்த 340-ல் ஓர் இடம் உண்டா?

"அந்தக் காலம் அப்படி சார்" என்பார்கள். சரி, ராஜேந்திரனோடு எனக்கு வழக்கில்லை. கல்வெட்டு எதையும் ஒளிக்கவில்லை. ஒளிப்பது நாம்தான். 'பல்கலைக்கழகம்' என்ற ஒரே வார்த்தையைப் போட்டு, ஊரே படித்தது போல் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்கிறோம்.

ஊர் வரலாறு எழுதுகிறவர்களே, யார் படித்தார்கள், யாருக்கு இடமில்லை, யார் உழைப்பில் நெல் வந்தது, மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். இன்று அதே சுற்றுவட்டாரத்து உழவர் வீட்டுப் பெண்கள் பஸ் ஏறி விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறார்கள். அதையும் அந்த வரலாற்றில் சேருங்கள். எனக்கு அதுதான் பெரிய பெருமை.