இரண்டு ஓடுபாதை, சொல்லாத ஒரு சேதி

பெங்களூர் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்துக்காரர்களுக்கு 2008 மே மாதம் வரை பயணிகள் விமானம் அன்றாடக் காட்சி. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹெச்.ஏ.எல். விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதை. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இறங்க முடியும். அந்தக் கூட்டம் தேவனஹள்ளிக்கு இடம் மாறியது. அங்கே 2019 டிசம்பரிலிருந்து இணையாக இரண்டு ஓடுபாதைகள். நெரிசலுக்கு வழி பிறந்தது. கவலையும் புதிதாக வந்தது.

வானம் தெளிவாக இருந்தால் பக்கத்து விமானத்தை விமானி கண்ணால் பார்த்துக்கொள்வார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தேவனஹள்ளியின் அதிகாலை மூடுபனியில் அது நடக்காது. ரேடாரும் விதிகளும்தான் துணை. இரு விமானங்களும் தத்தம் ஓடுபாதையின் நேர்க்கோட்டைப் பிடிக்கும்வரை அவற்றுக்கிடையே 1,000 அடி உயர வித்தியாசம் அல்லது 3 கடல் மைல் தூரம் வேண்டும். பிறகு இரு பாதைகளுக்கும் நடுவே குறைந்தது 610 மீட்டர் அகலத்துக்கு யாரும் நுழையக்கூடாத பட்டை. ஒன்று தவறி நுழைந்தால் மற்றதை உடனே திருப்பிவிடுவது ரேடார் கண்காணிப்பாளரின் வேலை. ஓடுபாதைகள் நெருக்கமாக இருந்தால் இந்தச் சலுகையும் கிடையாது. வெறும் 229 மீட்டர் இடைவெளி உள்ள சான்பிரான்சிஸ்கோவில், பனி சூழ்ந்தால் ஜோடியாக இறங்குவது நின்று, வரும் விமானங்கள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

1996 நவம்பர் 12-ல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகு, மோதலைத் தவிர்க்கும் கருவி இந்திய வானில் கட்டாயமானது. ஆனால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே ‘ஏறு, இறங்கு’ என்று அது கட்டளை இடாது. இறங்கும் கடைசிக் கட்டத்திலும் புறப்பட்ட முதல் நொடிகளிலும் மனிதர்களை நம்பித்தான் ஆகவேண்டும்.

அந்த நம்பிக்கை 2022 ஜனவரி 7 காலை ஆட்டம் கண்டது. தெற்கு ஓடுபாதையை நிறுத்திவிட்டு வடக்கை மட்டும் பயன்படுத்துவது என்று தேவனஹள்ளியில் முடிவானது. தெற்கைக் கவனித்த கட்டுப்பாட்டாளருக்குச் சேதி போகவில்லை. கொல்கத்தாவுக்கும் புவனேஸ்வருக்கும் கிளம்பிய இரு இண்டிகோ விமானங்களுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஆளுக்கொரு ஓடுபாதையில் அனுமதி கிடைத்தது. இணையாகக் கிளம்பும் விமானங்களின் பாதைகள் உடனே குறைந்தது 15 டிகிரி விலகவேண்டும் என்பது விதி. இவையோ ஒன்றையொன்று நெருங்கின. ரேடார் கட்டுப்பாட்டாளர் கவனித்துத் திசை மாற்றச் சொன்னதால் 400-க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள்.

பனியைக் குறை சொல்ல இதில் இடமில்லை. ஒரே நிலையத்தில் பணியாற்றுபவர்களுக்கிடையே ஒரு வாக்கியம் விட்டுப்போனதுதான் காரணம். ஓடுபாதை ஏற்பாடு மாறினால் அதைச் சொல்வதோடு, கேட்டவர் திருப்பிச் சொல்லும்வரை எந்த விமானத்துக்கும் அனுமதி தரக்கூடாது. அன்றைய சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் குறிக்கப்படவில்லை என்பது பிறகு தெரியவந்தது. எழுதாத தவறை யாரும் திருத்தப்போவதில்லை. அடுத்த முறை பனியும் சேர்ந்துகொள்ளலாம்.