மண்ணைக் குறை சொல்லாதீங்க



"மண்ணு செத்துப் போச்சு சார், பிளாட் போட்டுறலாம்னு இருக்கேன்." ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கமிருந்து யார் பேசினாலும் இதே பாட்டுதான். கேட்டுக் கேட்டுக் கோபம் வருகிறது.

பள்ளிக்கூடத்துக் கணக்குதான், போடுங்கள். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. நிற்கத் தண்ணீர் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர். போர் தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்பு என்றால், ஒரு பாய்ச்சலுக்கு 200 கிலோ. நாலு மூட்டை! தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகுமா?

மழை கழுவிவிடுமாம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது கிழக்கே நமக்கு வருவது வெறும் காற்று. ஐப்பசியில் பெய்தாலும் கரைந்த உப்பு வெளியேற வடிகால் வேண்டுமே? அதைத்தான் மூடி உழுதுவிட்டோமே!

அடுத்தது, உரக்கடையில் சொன்னார்கள் என்று ஜிப்சம். களர் வேறு, உவர் வேறு. களரில் மண்ணோடு ஒட்டிய சோடியத்தை ஜிப்சத்தின் கால்சியம் தள்ளிவிடும். அதுவும் வடிந்து போனால்தான் பலன். வெறும் உவருக்கு ஜிப்சம் போடுவது உப்போடு உப்பைச் சேர்ப்பதுதான். எது எதுவென்று சொல்லத்தானே 2015 முதல் மண்வள அட்டை? பல வீட்டில் அது பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் தூங்குகிறது. எடுத்துப் பாருங்கள். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களர் என்று சந்தேகப்படலாம். மின்கடத்தும் திறன் ஏறியிருந்தால் உவர்.

புரோக்கரிடம் போகுமுன் மண்ணையும் போர் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். வடிகாலைத் தோண்டுங்கள். புரட்டாசி ஈரத்தில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுங்கள். சோதனை முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.