இருவருக்கும் லாபம்



ஒருவருக்கு லாபம் என்றால் இன்னொருவருக்கு நஷ்டம் இருந்தே தீரும் என்ற எண்ணம் நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. கொடுக்கல் வாங்கல் முடிந்ததும், ஏமாந்தது யார் என்றுதான் கேட்கிறோம். அந்த எண்ணத்தை மாற்றக்கூடிய ஒரு கட்டுரையைப் பற்றி இந்த மாதம் உங்களிடம் பேச ஆசை.

எழுதியவர் ஆர். ஏ. ராட்ஃபோர்டு. இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போர்க்கைதியாக இருந்தவர். முகாமில் கண்ட பண்டமாற்றை விவரித்து அவர் எழுதிய கட்டுரை 1945இல் ‘எக்கனாமிகா’ இதழில் வெளிவந்தது.

செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். டின் பால், ஜாம், வெண்ணெய், பிஸ்கட், டின் இறைச்சி, சாக்லேட், சர்க்கரை, சிகரெட். புகைக்காதவர் சிகரெட்டைக் கொடுத்துச் சாக்லேட் வாங்கிக்கொண்டார். உருது தெரிந்த ஒருவர் சீக்கியச் சிப்பாய்களிடம் இறைச்சியை வாங்கி, வெண்ணெயும் ஜாமும் கொடுத்தார். முகாமில் ஒரு டின்கூடப் புதிதாகச் சேரவில்லை. ஆனாலும் மாற்றிக்கொண்டவர்களுக்கு முன்னைவிட நிறைவு.

இது எப்படிச் சாத்தியம்? பள்ளியில் பொருளியல் படித்தவர்களுக்கு ‘இறுதிநிலைப் பயன்பாடு’ நினைவிருக்கும். இங்கிலாந்தில் ஜெவன்ஸும் வியன்னாவில் மெங்கரும் 1871இல் தனித்தனியே நூலாக எழுதி விளக்கிய கருத்து அது. ஒரு பொருளை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பது, கையில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது, இன்னும் ஒன்று வந்தால் எவ்வளவு உதவும் என்பதைப் பொறுத்தது.

முருங்கை காய்த்துத் தள்ளும் வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பத்துக் காய் சாம்பாருக்கும் பொரியலுக்கும் ஆகும். ஐம்பதாவது காய் பறிக்க ஆளில்லாமல் மரத்திலேயே முற்றிப்போகும். பக்கத்து வீட்டில் கறவை மாடு. மோர் மிஞ்சுகிறது, காய்க்குக் கடைக்குப் போக வேண்டும். நாலு காயும் ஒரு சொம்பு மோரும் கைமாறினால் இரண்டு வீட்டுக்கும் நல்லது. இருவரின் ருசியும் ஒன்றாகவே இருந்தாலும் இது நடக்கும். இருப்பு வேறுபட்டால் போதும். கொடுக்கக் கொடுக்கக் காயின் அருமை கூடும். மோர் சேரச் சேர அதன் அருமை குறையும். இனி மாற்றுவதில் பயனில்லை என்று ஒருவருக்குத் தோன்றும் இடத்தில் பரிமாற்றம் தானாக நின்றுவிடும்.

இருவருக்கும் லாபம் என்பதால் இருவருக்கும் சம லாபம் என்று ஆகிவிடாது. விலை தெரியாதவருக்கும், பசியின் அவசரத்தில் விற்பவருக்கும் பங்கு குறைவாகவே கிடைக்கும். முகாமில் யார் எதை என்ன விலைக்குத் தருகிறார் என்று பலகையில் எழுதிப் போடும் வழக்கம் வந்ததும், விலை எல்லோருக்கும் தெரிந்தது. முகாமெங்கும் ஏறக்குறைய ஒன்றாகவும் ஆனது. நம் உழவர் சந்தைகளில் அன்றாட விலையைப் பலகையில் எழுதி வைப்பதும் இதே நன்மைக்காகத்தான்.

ஆகவே, அடுத்த முறை ஒரு வியாபாரத்தைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இரு தரப்புக்கும் விலை நிலவரம் தெரியுமா? வேண்டாம் என்று சொல்லி விலக இருவருக்கும் வழி இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், வாங்கியவரும் விற்றவரும் ஒருசேர மகிழ்வதில் சந்தேகப்பட எதுவுமில்லை. இல்லை என்று வந்தால், அங்கே சரிசெய்ய வேண்டியது எது என்பதும் தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்