வாசிக்கிறவரின் பெயர் என்ன?



மே மாதம் வந்துவிட்டால், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாகனங்கள் வரிசையாக ஊர்ந்து செல்கின்றன. ஒருபுறம் அரசு நடத்தும் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும். மறுபுறம், 5,326 அடி உயரத்தில், சேர்வராயன் கோயிலில் மலையாளிப் பழங்குடி மக்கள் கூடும் ஆண்டுத் திருவிழா. முன்னது பெரும்பாலும் விருந்தாளிகளுக்காக நடப்பது; பின்னது வீட்டாருக்காக நடப்பது. ஆயினும் இரண்டு இடங்களிலும் திறந்த வானத்தின்கீழ் இசை ஒலிக்கிறது. அந்த இசையைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

திறந்தவெளி இசைக்குக் கதவு இல்லை. பணம் கொடுத்து முன்வரிசையில் அமர்ந்தவரும், காப்பித் தோட்டத்தில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவரும், சாலையோரம் மிளகாய் பஜ்ஜி விற்கிறவரும் ஒரே ஓசையைக் கேட்கிறார்கள். பறை, உறுமி, நாகசுரம், கொம்பு ஆகியவை வெளிக்காகவே உருவானவை. ஆங்கிலேயப் படைகளோடு நம் நாட்டுக்கு வந்து, இன்று கல்யாண ஊர்வலத்திலும் கல்லறைக்குச் செல்லும் வழியிலும் வாசிக்கப்படும் பேண்டு செட்டின் பித்தளைக் குழல்களும் அப்படியே. அவற்றின் உரத்த ஓசையை நயக்குறைவு என்று எண்ணுகிறவர்கள், அவை எங்கே ஒலிக்க வேண்டியவை என்பதை மறந்துவிடுகிறார்கள். 150-ஆம் சங்கீதம் எக்காளத்தையும் யாழையும் கைத்தாளத்தையும் ஒரே மூச்சில் அழைக்கிறது. இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று அங்கே பிரிவினை இல்லை.

பிரிவினை வாத்தியத்தில் இல்லை. அதை வாசிக்கிறவரை நாம் நடத்தும் விதத்தில் இருக்கிறது. நம் ஊர் விழாக்களின் அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். சபை விழாக்களின் அழைப்பிதழ்களும் இதற்கு விலக்கல்ல. சிறப்பு விருந்தினரின் பெயர் பட்டங்களோடு இருக்கும். திரைப்பாடல் பாட வருகிறவரின் பெயர் படத்தோடு இருக்கும். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கோ, "பறையாட்டம், கரகாட்டம் நடைபெறும்" என்ற ஒரு வரி. கலையின் பெயர் உண்டு; கலைஞரின் பெயர் இல்லை. விருந்தினர் காரைவிட்டு இறங்கும்வரை அவர்கள் வாசலில் வாசிக்க வேண்டும். அவர் மேடை ஏறியதும் ஒரு கையசைப்பில் நிறுத்திவிட வேண்டும். பொன்மோதிரம் தரித்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்கு நிற்க இடமும் காட்டுகிற சபையை யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அந்தக் கண்டனம் நம் விழாப் பந்தல்களுக்கும் பொருந்தும்.

பெயர் இல்லாமல் போவதால் என்ன நேரும் என்பதற்கு உலக வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1969-ஆம் ஆண்டின் கோடையில், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் பூங்கா ஒன்றில், ஜூன் 29 முதல் ஆகஸ்ட் 24 வரை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச இசைவிழா நடந்தது. ஸ்டீவி வொண்டரும் நினா சிமோனும் பாடினார்கள். ஆராதனைப் பாடல்களால் புகழ்பெற்ற மஹாலியா ஜாக்சனும் பாடினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஹியூ மசெகெலா டிரம்பெட் வாசித்தார். எல்லாம் படமாக்கப்பட்டது. ஆனால் அதே ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் விழாவை உலகமே பேச, ஹார்லெமின் படச்சுருள்கள் ஏறக்குறைய 50 ஆண்டுகள் கேட்பாரின்றிக் கிடந்தன. 2021-இல்தான் அவை ஓர் ஆவணப்படமாக வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கார் விருதையும் பெற்றன. இசை குறைவுபட்டதால் அல்ல, இசைத்தவர்கள் யார் என்பதாலேயே அது அவ்வளவு காலம் இருட்டில் இருந்தது.

அந்த மேடையில் ஒலித்த சோல் இசை திருச்சபையின் மடியில் வளர்ந்தது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் சிற்றாலயங்களில் கைதட்டிப் பாடிய பாட்டே அதன் வேர். அதன் அரசியாகப் போற்றப்பட்ட அரேதா ஃபிராங்க்ளின் ஒரு போதகரின் மகள். டெட்ராய்ட்டில் தகப்பனாரின் ஆலயத்தில் பாடிப் பழகியவர். மசெகெலாவுக்கு முதல் டிரம்பெட்டை வாங்கிக் கொடுத்தவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்ற ஆங்கிலிக்கன் குருவானவர் டிரெவர் ஹடில்ஸ்டன். அங்கே திருச்சபை ஒரு சிறுவனின் கையில் வாத்தியத்தைக் கொடுத்தது.

நம் திருச்சபையின் கதை அத்தனை எளிதன்று. தமிழ்நாட்டில் பறை அடிப்பது விரும்பி ஏற்ற கலையாக இருக்கவில்லை; சாதி சுமத்திய கட்டாய ஊழியமாக இருந்தது. கிறிஸ்தவர்களான நம் முன்னோர் பலர் அதைக் கீழே வைத்தது மானத்தின் பொருட்டே. ஆகையால், "எங்கள் தாத்தா விட்டொழித்ததை மறுபடியும் ஏன் எடுக்க வேண்டும்?" என்று ஒரு மூப்பர் கேட்டால், அதில் அர்த்தம் உண்டு. அந்தக் கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது.

அதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் ஆயர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், 2005-இல் மறையும்வரை, கிராமிய மெட்டுக்களையும் மக்கள் பேசும் மொழியையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் இசை கடவுளுக்கு முன்பாக வெட்கப்பட வேண்டியதன்று என்பதே அவருடைய பாடல்களின் இறையியல். 2025-இல் மதுரைப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, நாடும் அதை ஒருவாறு ஒப்புக்கொண்டது.

அடிமைத்தனம் தோலிலும் குச்சியிலும் இல்லை. அழைத்தால் வந்தே தீர வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், தள்ளியே நிற்க வேண்டும் என்ற நிபந்தனைகளில் இருந்தது. இன்று ஒரு கலைஞரைக் கோடை விழாவுக்கு அழைத்து, பெயர் சொல்லாமல், பேசிய தொகையை இழுத்தடித்து, வாசலிலேயே நிறுத்தி அனுப்பினால், அந்தப் பழைய நிபந்தனைகளை மின்விளக்குகளின்கீழ் புதுப்பிக்கிறோம். பெயரும் உரிய நேரமும் முழுக்கூலியும் இருக்கையும் கொடுத்தால், அதே பறை விடுதலையின் ஓசையாகிறது.

ஆகவே பிரியமானவர்களே, விழா நடத்தும் பொறுப்பு உங்களுக்கு உண்டானால், அது ஊர் விழாவானாலும் சபையின் அறுப்பின் பண்டிகையானாலும், நான்கு காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். அழைப்பிதழில் கலைஞரின் பெயரையும் ஊரையும் அச்சிடுங்கள். கூட்டம் நிறைந்திருக்கும் வேளையில் ஒரு முழு மணிநேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் ஊர் திரும்பும் பேருந்தில் ஏறுமுன் கூலியைக் கையில் கொடுங்கள். பிடித்துவைத்த கூலி கடவுளிடம் கூக்குரலிடும் என்று அதே யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அவர்கள் சம்மதித்தால் முழு நிகழ்ச்சியையும் பதிவுசெய்து, ஒரு பிரதியை அவர்களுக்கே கொடுங்கள். மலைக்கிராமங்களில் முதியவர் ஒருவர் கண்மூடும்போது, எழுதிவைக்கப்படாத பாட்டுகளும் அவரோடு போய்விடுகின்றன. ஹார்லெமில் படச்சுருளாவது மிஞ்சியது.

விழாவுக்கு விருந்தாளியாக மட்டும் செல்கிறவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு ஒரே ஒரு காரியம். மலைப்பனியில் தோல் தளர்ந்த பறையைத் தீமூட்டிக் காய்ச்சிக்கொண்டிருப்பவர் அருகே சென்று, "ஐயா, உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்?" என்று கேளுங்கள். அவர் வாசித்து முடிக்கும்வரை எழுந்து போகாதிருங்கள்.

கேட்கிற செவியைக் கர்த்தர் நம் யாவருக்கும் தருவாராக. ஆமென்.