வெளியே போன பிறகும் உள்ளே இருக்கும் பெயர்!

பெரணமல்லூர், ஆரணி பக்கம் தறி ஓடும் ஊர்களில் வருகைப் பதிவு நோட்டு புதிதல்ல. காலையில் கையெழுத்துப் போட்டவர், கரன்ட் போனதும் மாலைக் கையெழுத்தை மறந்து கிளம்பிவிட்டால், நோட்டைப் பொறுத்தவரை அவர் இன்னும் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறார்!

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்கள் பலவற்றில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் 'டபிள்யூ' என்று ஒற்றை எழுத்தை டைப் செய்தால், இப்போது உள்ளே இருப்பவர்களின் பட்டியல் வரும். இதற்கான நோட்டின் பெயர் 'யூடிஎம்பி'. 1971-ல் வெளியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இது உண்டு.

யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர் தெரிந்தால்? 'ஹேக் பண்ணிட்டாங்க' என்று பதறி, லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பிள்ளைகளின் பாடமும் சேலை டிசைன்களும் அதோடு போய்விடும். கரன்ட் கட், நெட் துண்டிப்பு, பாதியில் நின்றுபோன புரோகிராம்... இவற்றால் 'வெளியேறினார்' என்ற வரி எழுதப்படாமல் போயிருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* 'ஹூ' கட்டளையோடு சிறு கோடும் 'யூ'வும் சேர்த்தால், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புராசஸ் எண் வரும். அந்த எண்ணை 'பிஎஸ்' கட்டளையில் தேடுங்கள். அப்படி ஒரு புராசஸே ஓடவில்லை என்றால், அது வெறும் பழைய வரி.

* எண் இருந்தால், ஓடுவது லாகின் தொடர்பானதுதானா என்று பாருங்கள். பழைய எண்ணை வேறு புரோகிராம் வாங்கியிருக்கலாம்.

* 'லாஸ்ட்' கட்டளை பழைய வரலாற்றைச் சொல்லும. 'கிராஷ்' என்று இருந்தால், மெஷின் முறையாக அணையவில்லை என்று அர்த்தம்.

பெரும்பாலான லினக்ஸில் ரீஸ்டார்ட் செய்தாலே யூடிஎம்பி புதிதாகிவிடும். இதற்காக வரலாற்று ஃபைலை அழிக்க வேண்டாம். பிறகு சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி. அதே சமயம், பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்பதாலேயே நிம்மதி அடையவும் முடியாது. கை தேர்ந்த திருடன் தன் வரியை அழித்துவிட்டுப் போவான்.

போனில் கதை வேறு. வாட்ஸ்அப்பின் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்', கூகுள் கணக்கின் 'உங்கள் சாதனங்கள்' பகுதிகளில் தெரிவது பெரும்பாலும் திறந்தே கிடக்கும் கதவு. பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்து, லாக்-அவுட் செய்யாமல் வந்திருந்தால், உங்கள் மெசேஜ்களை அங்கே அடுத்து உட்காருபவரும் படிக்கலாம். தெரியாத சாதனம் இருந்தால் உடனே லாக்-அவுட் கொடுங்கள். கூகுள் என்றால் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

லேப்டாப்பில் பெயர் தெரிந்தால் முதலில் சோதியுங்கள். போனில் தெரிந்தால் முதலில் வெளியேற்றுங்கள், விசாரணை அப்புறம்!