வேலூரில் படித்த கராச்சி டாக்டர்

1961-ல் கராச்சியிலிருந்து ஒரு ஜெர்மன் பெண் டாக்டர் வேலூருக்கு வந்தார், தொழுநோய் மருத்துவம் கற்றுக்கொள்ள. பெயர் ரூத் ஃபாவ். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) பயிற்சியை முடித்துக்கொண்டு கராச்சிக்கே திரும்பிப் போனார். 2017 ஆகஸ்ட் 10 அன்று 87 வயதில் அங்கேதான் இறந்தார்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் லெப்ரசி இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பயிற்சி வகுப்பில், வேலூரில் தொழுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் பேசாத வாத்தியார் கிடையாது. ரூத் ஃபாவைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. அவர் மறைந்த செய்தியைப் பேப்பரில் படித்துத்தான், நம்ம ஊரில் படித்துவிட்டுப் போனவர் என்றே எனக்குத் தெரிந்தது.

அப்போது எல்லாப் பேப்பரிலும் ஒரே பட்டம்: ‘பாகிஸ்தானின் அன்னை தெரசா’. மரியாதையாகத்தான் எழுதினார்கள். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவரை அன்னை, தெய்வம் என்று உயரத்தில் தூக்கி வைத்துவிட்டால், அவர் செய்த வேலை நம்மால் ஆகாது என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். ஒரு கும்பிடோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. ரூத் ஃபாவிடம் கும்பிட வேண்டியதைவிடக் காப்பியடிக்க வேண்டியது அதிகம்.

அவர் 1929-ல் லைப்சிக் நகரில் பிறந்தவர். உலகப் போரில் குண்டு விழுந்து வீடு போயிற்று. 1948-ல் சோவியத் பிடியிலிருந்த பகுதியைவிட்டுத் தப்பி மேற்கே வந்து டாக்டருக்குப் படித்தார். 1953-ல் கத்தோலிக்கரானார், 1957-ல் ‘மரியாளின் இதயத்தின் புதல்வியர்’ சபையில் சேர்ந்தார். இந்தச் சபை பிரெஞ்சுப் புரட்சியின்போது, மடங்களை மூடச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த 1790-ல் உருவானது. அதனால் ஆரம்பத்திலிருந்தே இவர்களுக்கென்று தனி அங்கி கிடையாது, ஊரோடு ஊராக இருந்துவிடுவார்கள். கராச்சியில் ரூத் ஃபாவ் சல்வார் கமீஸும் துப்பட்டாவுமாகவே நடமாடினார். பார்த்தால் கன்னியாஸ்திரீ என்றே தெரியாது.

சபை அவரை அனுப்பியது உண்மையில் இந்தியாவுக்குத்தான். விசா சிக்கலால் 1960-ல் கராச்சியில் தங்க வேண்டியதாயிற்று. அங்கே மெக்லியோட் சாலைக்குப் பின்னால் ஒரு தொழுநோயாளர் சேரி. சபையின் சகோதரிகள் அதற்குள் ஒரு குடிசையில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரூத் போய் நின்றபோது, கிட்டத்தட்ட அவர் வயதே உள்ள ஒரு பட்டாணிய இளைஞர் கைகளையும் கால்களையும் ஊன்றித் தவழ்ந்தபடி உள்ளே வந்தார். மனுஷன் இப்படித்தான் நடப்பான் என்பதைப்போல அவரும் வந்தார், சுற்றியிருந்தவர்களும் பார்த்தார்கள். அந்தக் காட்சிதான் தன் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று ரூத் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தோடு பெரும்பாலான அஞ்சலிக் கட்டுரைகள் உருகி நின்றுவிட்டன. அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். தனக்கு இந்த நோயைப் பார்க்கத் தெரியாது என்று உணர்ந்து, மறுவருஷமே வேலூருக்குப் படிக்கக் கிளம்பினார்.

அன்றைக்கு இந்த நோய்க்கு வேலூரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் வேலையை பிராண்ட் அங்கே நாற்பதுகளின் கடைசியிலேயே தொடங்கிவிட்டார். பக்கத்தில் கரிகிரி ஆஸ்பத்திரி 1955-லிருந்து நடந்துவந்தது. நோய் விரலைத் தின்னவில்லை, வலி தெரியாமல் போவதால் ஏற்படும் காயமும் சூடும்தான் விரலைக் கொண்டுபோகின்றன என்று நிரூபித்த இடம் வேலூர்தான். ராத்திரி தூங்கும்போது மரத்துப்போன விரல்களை எலி கடித்துவிட்டுப் போவதைக் கண்டுபிடித்து, நோயாளிகளுக்கு பிராண்ட் பூனை கொடுத்த கதையை எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். கராச்சிச் சேரியிலும் அதே எலிகள்தான், அதே காயங்கள்தான்.

அப்போது கையிலிருந்த மருந்து டாப்சோன். மலிவு, ஆனால் வருஷக்கணக்கில் விழுங்க வேண்டும். கண்ணீர் விடுகிற டாக்டரைவிட, இந்த மாதம் மாத்திரை வாங்க வராதவர் யார் என்று பார்த்து அவர் வீட்டைத் தேடிப் போக ஓர் ஆள்தான் அங்கே தேவை. அந்த ஆட்களைத்தான் ரூத் ஃபாவ் உருவாக்கினார். 1963-ல் சதர் பகுதியில் ஒரு கட்டடத்துக்கு மருத்துவமனையை மாற்றி, பாகிஸ்தான் இளைஞர்களைத் தொழுநோய்ப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, பலுசிஸ்தானுக்கும் வடக்கு மலைப்பகுதிகளுக்கும் அனுப்பினார். தானும் போனார். மாட்டுக்கொட்டகையிலும் குகையிலும் ஒளித்துவைக்கப்பட்டிருந்தவர்களைத் தேடி எடுத்தார்கள். மேரி அடிலெய்ட் தொழுநோய் மையம் என்ற அந்த அமைப்பு, நாடு முழுக்க 150-க்கும் மேற்பட்ட கிளை மையங்களாக விரிந்தது.

இந்த வேலை பக்கத்திலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குடியாத்தம் பக்கம் சர்வேக்குப் போகும்போது சைக்கிளை அடுத்த தெருவிலேயே நிறுத்திவிட்டுத்தான் நடப்போம். லெப்ரசிக்காரர் வந்துவிட்டுப் போனார் என்று தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் விரல் நுனிகளில் கொப்புளம். “ஏம்மா, எப்ப சுட்டுச்சு?” என்றேன். “தெரியல தம்பி, சோறு வடிக்கும்போது பட்டிருக்கும்” என்றார். சூடு பட்டதே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பேனா முனையால் தோலைத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். நல்ல தோலில் சரியாகக் காட்டினார். முழங்கை மேல் இருந்த வெளிறிய தேமலில் நான் தொட்டதே அவருக்குத் தெரியவில்லை, கை அசையாமல் இருந்தது. முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தால் தடித்திருந்தது. மருமகள் வாசற்படியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள். “தேமலுக்கு மாத்திரை தர்றோம், ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சும்மா இல்லை, தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று 2019 வரை நம் நாட்டில் சட்டமே இருந்தது.

அந்த நாளில் எங்களுக்கு உதவிய ஒரு கேரளத்து சிஸ்டரையும் சொல்ல வேண்டும். அன்பாகப் பேசவே வராது அவருக்கு. காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலை பிளேடால் சீவி, எண்ணெய் தடவிவிடுவார். கை வேலை செய்யும், வாய் திட்டும். உணர்ச்சியில்லாத காலுக்கென்று கொடுத்த மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைப் போடாமல் எறவாணத்தில் சொருகி வைத்துவிட்டு வெறுங்காலில் வருகிறவர்களுக்கு மண்டகப்படிதான். ஆனால் யாருடைய எந்தக் காலில் எந்த இடத்தில் போன மாதம் புண் இருந்தது என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார், பிறகு நோட்டிலும் எழுதுவார். கருணை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அந்த நோட்டைத்தான் சொல்வேன்.

கன்னியாஸ்திரீகள் என்றாலே நம் ஊர் விவாதம் இரண்டே வழியில் போகிறது. ஒரு சாரார் மதம் மாற்ற வந்தவர்கள் என்கிறார்கள், இன்னொரு சாரார் புனிதர்கள் என்கிறார்கள். இரண்டு பேருமே வேலையைப் பார்ப்பதில்லை. பாகிஸ்தானில் ஜியா-உல்-ஹக் ஆட்சி, எல்லாவற்றையும் இஸ்லாமியமயமாக்கிக்கொண்டிருந்த காலம். அந்த அரசாங்கம்தான் 1979-ல் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீயைத் தொழுநோய் ஒழிப்புக்கு மத்திய அரசின் ஆலோசகராக நியமித்தது. 1988-ல் அவருக்குப் பாகிஸ்தான் குடியுரிமையும் கிடைத்தது. அவருடைய இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு கராச்சி செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் நடந்தது, பெட்டியின் மேல் பாகிஸ்தான் கொடி. அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தன் மடத்தின் பெருமையாக மாற்றிக்கொள்ளாமல், 1968-லேயே தேசியத் தொழுநோய்த் திட்டமாக அரசாங்கத்தின் தலையில் கட்டியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அரசாங்கத்தோடு வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும், சேரியில் புண் கட்டுவதைவிட அது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த பிறகு நிலைமை மாறியது. இன்றைக்கு ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ குணமாகிவிடும். 1996-ல் பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆசியாவில் இந்த நிலையை முதலில் எட்டிய நாடுகளில் அதுவும் ஒன்று. ரூத் ஃபாவ் அதோடு கடையைக் கட்டவில்லை. அதே பணியாளர்களைக் காசநோயையும் கண்நோயையும் சேர்த்துப் பார்க்க வைத்து, களத்திலேயே வைத்திருந்தார். இந்தக் கிருமி உள்ளே போய் அடையாளம் காட்டச் சராசரியாக ஐந்து வருஷம் ஆகும், சிலருக்கு இருபது வருஷம்கூட ஆகும். ‘ஒழிந்தது’ என்று அறிவிக்கிற நாளில், அடுத்த பத்து வருஷத்துக்கான நோயாளிகள் ஏற்கெனவே தெருவில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாடு 2005 கடைசியில் அந்த இலக்கை எட்டியது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதுதான் கணக்கு. இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குமேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உலகத்தின் புது நோயாளிகளில் பாதிக்குமேல் இந்தியாவில்தான். தமிழ்நாட்டில் எங்கள் தனிப்பிரிவைத் தொண்ணூறுகளின் இறுதியில் பொதுச் சுகாதாரத்தோடு இணைத்தார்கள். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். தொழுநோய்க்கென்று தனி வாசல் இல்லாமல், காய்ச்சலுக்கு வருகிறவர்களோடு சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குவது நோயாளிக்கு எவ்வளவோ கௌரவம். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்க்கிற ஆள் குறைந்துபோனார். சில வாரங்கள் முகாம் நடத்தித் தேடினால் ஆட்கள் கிடைக்கத்தான் செய்கிறார்கள். முகாம் முடிந்ததும் தேடலும் முடிந்துவிடுகிறது.

ஜனவரி 30 அன்று காந்தி நினைவு நாளில் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். கையை நீட்டி வாசித்துவிட்டு டீ குடித்துக் கலைகிறோம். உறுதிமொழிக்குப் பதிலாக அன்றைக்கு மூன்று கேள்விகளை ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். போன வருஷம் கண்டுபிடித்த நோயாளியின் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எத்தனை பேரைச் சோதித்தீர்கள்? அவர்களுக்கு ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்து கொடுத்தாயிற்றா? குணமானவர்களில் காலில் உணர்ச்சியில்லாதவர்களுக்குச் செருப்பு கடைசியாக எப்போது போய்ச் சேர்ந்தது?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க இப்போது வீடு வீடாக ஆட்கள் போகிறார்கள். நல்ல திட்டம். போகிறவர்கள் தோலையும் ஒரு பார்வை பார்த்து, தேமல் இருந்தால் பேனா முனையால் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். இதைப் பழக ஓர் அரை நாள் பயிற்சி போதும், என்னைப் போல ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிட்டால் வந்து சொல்லிக்கொடுப்போம்.